ஓட்டுக்குள் ஓர் அமீபா

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன், சேவூர்)

அமீபா என்றவுடன் நம் கண்முன் நிற்பது, பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டிய அந்த வடிவமற்ற படம்தான். நடுவில் ஒரு புள்ளி, அது உட்கரு. ஓரத்தில் ஒரு வட்டம், அது சுருங்கும் நுண்குமிழ். நான்கைந்து விரல்கள், அவை பொய்க்கால்கள். வடிவம் சரியாக வந்திருக்கிறதா என்று எவரும் குறை சொல்ல முடியாத ஒரே படம் அதுதான் என்பதால், தேர்வில் நாம் எல்லோரும் அதை விரும்பி வரைவோம்.

அந்த அமீபாவுக்கு வீடு கட்டிக்கொண்டு வாழும் சுற்றத்தார் உண்டு. தம் உடலைச் சுற்றி ஓர் ஓடு அமைத்து, அதில் ஒரே ஒரு வாசல் வைத்து, அவ்வாசல் வழியே பொய்க்கால்களை நீட்டி நடமாடும் உயிர்கள் அவை. ஓடுடை அமீபாக்கள் என்று அவற்றை அழைக்கலாம். குளம், குட்டை, வாய்க்கால், சுவரில் படர்ந்த பாசி, ஈரமான தோட்டத்து மண் ஆகிய எல்லா இடங்களிலும் அவை வாழ்கின்றன. இதுவரை ஏறத்தாழ இரண்டாயிரம் இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. நம் பாடத்தில் அவற்றுக்குக் கிடைத்திருப்பது ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சற்று நீட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நீட்டுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சென்ற ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் ஊர்க் குட்டையில் முழங்கால் அளவு நீர் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையோரச் சேற்றை ஒரு புட்டியில் வழித்து எடுத்துக்கொண்டிருந்தேன். வழியில் வந்த அப்பாரு ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, தண்ணியெ உட்டுப்போட்டுச் சேத்தெ வாரீட்டுப் போறே?” என்று கேட்டார். “காலேஜுல பாக்கறதுக்குங்க அப்பாரு” என்றேன். “இத்தன வருசமாக் காஞ்சு கெடந்த சேத்துல என்ன கண்ணு இருக்குது பாக்க?” என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்கு முழு விடை சொல்ல வேண்டுமானால் இக்கட்டுரை முழுவதும் தேவைப்படும்.

மறுநாள் ஆய்வகத்தில் அந்தச் சேற்றில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். பாசி இழைகளுக்கு நடுவே மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம், வட்டத்தின் நடுவே ஒரு துளை. உளுந்து வடையை மேலிருந்து பார்ப்பது போலவே இருந்தது. ஏதோ ஒரு விதை என்று முதலில் நினைத்தேன். இரண்டு மூன்று நிமிடங்கள் கழித்து அந்த வடையின் ஓரத்திலிருந்து கண்ணாடி போன்ற ஒரு விரல் மெல்ல வெளியே வந்தது. அது ஆர்செல்லா. பக்கவாட்டில் பார்த்தால் அதன் ஓடு குடைக்காளானின் தொப்பி போல் இருக்கும். அடிப்பக்கத்தின் நடுவே உள்ள துளைதான் வாசல்.

ஆர்செல்லாவின் ஓடு முழுவதும் அதன் உடலே சுரந்த புரதப் பொருளால் ஆனது. உருப்பெருக்கிப் பார்த்தால் தேன்கூடு போல நெருக்கமான அறைகள் தெரியும். பிறந்த புதிதில் ஓடு நிறமின்றித் தெளிவாக இருக்கும். நாளாக ஆக நீரிலுள்ள இரும்பும் மாங்கனீசும் அதில் ஏறி மஞ்சளாகிப் பழுப்பாகும். ஆகவே ஒரே சொட்டில் வெளிறிய ஓட்டையும் கரும்பழுப்பு ஓட்டையும் கண்டால், இளையது எது, மூத்தது எது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்த உயிரின் இன்னொரு திறமை வேடிக்கையானது. தற்செயலாக அது மல்லாந்து விழுந்துவிட்டால், உடலுக்குள் ஒரு பக்கமாக வாயுக் குமிழ் ஒன்றை உண்டாக்கி, அப்பக்கத்தை மேலே எழச் செய்து, தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. குமிழைப் பெருக்கி நீர்மட்டத்துக்கு மிதந்து வருவதும் உண்டு. மூளையில்லை, நரம்பில்லை, தசையில்லை. ஒரே ஒரு செல்தான்.

கொத்தனாரும் ஓடு வேய்பவரும்

ஆர்செல்லா சொந்தச் சரக்கில் வீடு கட்டுகிறது. டிப்ளூஜியா என்னும் மற்றொரு வகை, கல் பொறுக்கிக் கட்டுகிறது. மண் கலயம் போன்ற அதன் ஓடு முழுவதும் நுண்ணிய மணல் துகள்கள். சில இனங்களில் டயாட்டம் பாசிகளின் கண்ணாடிக் கூடுகளும் சேர்ந்திருக்கும். பெரிய துகளை முதன்மையாக வைத்து, இடைவெளியில் சிறு துகள்களைச் சொருகி, உடல் சுரக்கும் பசையால் ஒட்டிய வேலை அது. கருங்கல் சுவரில் இண்டு இடுக்குகளுக்குச் சில்லுக்கல் வைத்துப் பூசும் நம்மூர்க் கொத்தனாரின் வேலைக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. இத்தனைக்கும் அந்தக் கலயத்தின் நீளம் பெரும்பாலும் 50 முதல் 300 மைக்ரான் வரைதான். ஒரு மில்லிமீட்டர் என்பது ஆயிரம் மைக்ரான் என்பதை நினைவில் கொள்க.

மூன்றாவது வகை யூக்லிபா. இது மணல் பொறுக்குவதில்லை. நீரில் கரைந்துள்ள சிலிக்காவை உறிஞ்சி, உடலுக்குள்ளேயே ஒரே அளவான சிறு செதில்களை வார்த்தெடுக்கிறது. பின்னர் அவற்றை வரிசை வரிசையாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி அடுக்குகிறது. ஓட்டு வீட்டுக் கூரை வேய்ந்தது போலவே இருக்கும். வாசலைச் சுற்றி நிற்கும் செதில்கள் மட்டும் பல் வைத்தவை.

நெபெலா என்றோர் இனம் உண்டு. அது யூக்லிபா போன்ற சிறிய ஓடுடை அமீபாக்களைப் பிடித்துத் தின்றுவிட்டு, அவற்றின் செதில்களை மட்டும் செரிக்காமல் எடுத்து வைத்துத் தன் வீட்டுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அடுத்தவன் வீட்டு ஓட்டைப் பிரித்துத் தன் வீட்டை மேய்வது மனிதரின் கண்டுபிடிப்பு என்று நான் எண்ணியிருந்தேன்.

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். பழைய நூல்கள் இவை அனைத்தையும் ‘வேர்க்காலிகள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வைத்தன. இன்றைய வகைப்பாடு அவ்வாறு ஏற்பதில்லை. ஆர்செல்லாவும் டிப்ளூஜியாவும் தடித்த விரல் போன்ற பொய்க்கால் உடையவை. நம் பாடநூல் அமீபாவுக்கு அவை நெருங்கிய சொந்தம். யூக்லிபாவின் பொய்க்கால்களோ நூல் போல் மெலிந்தவை. அது கடலில் வாழும் ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுடை உயிர்களுக்கே உறவு. அதாவது, ஓடு கட்டும் கலை ஒற்றைச் செல் உயிர்களிடையே ஒரு முறைக்கு மேல் தனித்தனியே தோன்றியிருக்கிறது. வீட்டைப் பார்த்து உறவு சொல்லக் கூடாது. வாசலில் நீளும் காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடல் உறவினரின் ஓடுகள் நம் மாநிலத்துக்குப் புதியவை அல்ல. அரியலூர்ப் பகுதியில் கடல் பரவியிருந்த கிரெட்டேசியக் காலத்துப் பாறைகளில் ஃபோராமினிஃபெராவின் ஓடுகள் ஏராளம். எகிப்தின் பிரமிடுகளைக் கட்டிய சுண்ணாம்புக் கற்களிலும் நாணயம் போன்ற அவ்வகை ஓடுகள் நிறைந்திருக்கின்றன. ஆயினும் நான் எழுத வந்தது கடலைப் பற்றியன்று, குட்டையைப் பற்றி. எனவே குட்டைக்கே திரும்புவோம்.

தாய் தரும் சீர்

அமீபா இரண்டாகப் பிளந்து பெருகுகிறது என்று படித்திருக்கிறோம். ஓடு இல்லாதவனுக்கு அது எளிது. உடல் நடுவில் ஒடுங்கும், அறும், இரண்டாகும். ஓட்டுக்குள் இருப்பவன் என்ன செய்வான்? ஓடு பிளக்காது, வளராது. இந்தச் சிக்கலை டிப்ளூஜியா தீர்த்திருக்கும் முறைதான் இவ்வுயிர்களைப் பற்றி நான் படித்தவற்றுள் மிக அழகானது.

பெருகுவதற்கு வெகு முன்பிருந்தே டிப்ளூஜியா மணல் துகள்களை விழுங்கத் தொடங்குகிறது. உணவுக்காக அன்று. அத்துகள்கள் செரிக்காமல் உடலுக்குள் சேமிக்கப்படுகின்றன. பெண் குழந்தை பிறந்த வீட்டில் அன்றிலிருந்தே பித்தளைப் பாத்திரம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து வைப்பார்களே, அது போல. உரிய வேளை வந்ததும் உடலின் ஒரு பகுதி வாசல் வழியே உப்பி வெளியே வருகிறது. சேமித்த துகள்கள் எல்லாம் அந்த மொட்டின் மேற்பரப்புக்கு நகர்ந்து, இடம் பார்த்து அமர்ந்து, பசையால் ஒட்டப்படுகின்றன. சிறிது நேரத்தில் பழைய கலயத்தின் வாயோடு வாய் பொருந்தியபடி ஒரு புதிய கலயம் தயார். உட்கரு இரண்டாகி ஒன்று புது வீட்டுக்குக் குடி போகிறது. பின்பு இரண்டும் விலகுகின்றன. யூக்லிபாவும் இவ்வாறே செதில்களைச் செய்து அடுக்கி வைத்து, சீராகத் தந்தனுப்புகிறது.

சாதாரண அமீபா பிளந்தால் எது தாய், எது மகள் என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டும் சமம். ஆனால் இங்கே பழைய வீட்டில் இருப்பது தாய், புது வீட்டில் இருப்பது மகள் என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிறது.

உண்மையில் விழுங்கிய துகள்தான் வீடாகிறதா என்ற ஐயம் அறிஞர்களுக்கும் எழுந்தது. ஜெர்மானிய உடலியலார் மாக்ஸ் வெர்வோர்ன் 1880களில் அதை எளிமையாகச் சோதித்தார். டிப்ளூஜியா வாழும் நீரில் மணலுக்குப் பதிலாக நிறக் கண்ணாடித் தூளை இட்டார். பிறந்த மகள்களின் ஓடு நிறக் கண்ணாடியால் அமைந்தது. இந்த ஒரு சோதனை போதும், நான் பின்னர்ச் சொல்லப்போகும் செய்திக்கு அடிப்படை இடுவதற்கு: இவ்வுயிரின் வீடு, அது வாழ்ந்த நீரின் அடியில் அன்று என்ன கிடந்ததோ அதனால் ஆனது.

தாய், மகள் என்று பிரித்தறிய முடிவதும், ஓட்டின் அளவு, முட்களின் எண்ணிக்கை, வாசலின் பற்கள் ஆகியவை பிறந்தபின் மாறாமல் இருப்பதும் மரபியல் ஆய்வுக்கு மிக வசதியானவை. அமெரிக்க விலங்கியலார் எச். எஸ். ஜென்னிங்ஸ் இதைக் கண்டுகொண்டார். பாரமீசியத்தை வைத்து அவர் முன்பு செய்த ஆய்வுகளில், ஒரே தாய்வழி வந்த கூட்டத்திற்குள் எவ்வளவு தேர்வு செய்தாலும் பரம்பரை மாறுவதில்லை என்றே தெரிந்தது. ஆனால் டிப்ளூஜியா கரோனா என்னும் இனத்தின் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்த வழித்தோன்றல்களைப் பல தலைமுறை தொடர்ந்து தேர்ந்தெடுத்தபோது, பரம்பரையாக வேறுபட்ட கிளைகள் பிரிந்தன. தம் பழைய முடிவோடு ஒத்துவராத இம்முடிவை 1916இல் அவரே நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நீண்ட கட்டுரையாக வெளியிட்டார்.

அவரே 1937இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு இன்னும் வியப்பானது. மகளின் ஓடு தாயின் வாயோடு வாய் பொருந்தி உருவாகிறது அல்லவா? அப்போது மகளின் பற்கள் தாயின் பற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் அமைகின்றன. தாயின் வாயே அச்சு. ஜென்னிங்ஸ் தாயின் பற்களை உடைத்துப் பார்த்தார். அடுத்த தலைமுறையின் பற்கள் ஒழுங்கு குலைந்து வந்தன. பல தலைமுறை கடந்த பின்னரே பழைய ஒழுங்கு திரும்பியது. உட்கருவிலுள்ள மரபுப் பொருளை அவர் தொடவே இல்லை. தாயின் வாயில் நேர்ந்த காயம் மகளின் வாயில் எழுதப்படுகிறது. பரம்பரை என்றால் ஜீன் மட்டுமே என்று மனப்பாடம் செய்திருக்கும் நாம், இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது நல்லது.

நம் நாட்டில்

இவ்வுயிர்களை முதன்முதலில் கண்டு எழுதியவர் பிரெஞ்சு நாட்டவரான லெக்ளேர். டிப்ளூஜியா என்ற பெயர் லாமார்க்கின் நூலில் 1816இல் இடம்பெற்றது. ஆர்செல்லாவுக்குப் பெயரிட்டவர் ஜெர்மனியின் ஏரன்பெர்க். அமெரிக்காவின் ஜோசப் லெய்டி 1879இல் வெளியிட்ட வண்ணப் படங்கள் நிறைந்த பெருநூலை இன்றும் பலர் தேடிப் பார்க்கின்றனர்.

நம் நாட்டுக் கதையும் அதே அளவு பழமையானது என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயில் படை மருத்துவராக இருந்த எச். ஜே. கார்ட்டர், 1850களிலேயே அத்தீவின் குளங்களிலும் தொட்டிகளிலும் வாழும் ஒரு செல் உயிர்களை ஆராய்ந்து எழுதினார். இங்கிலாந்து, இந்தியா இரண்டின் நன்னீர் வேர்க்காலிகளையும் ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை 1864இல் வெளிவந்தது. மருத்துவமனைப் பணி முடிந்த நேரத்தில் குளத்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால், விடுமுறையில் பொழுது போகவில்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. சுவிட்சர்லாந்தின் பெனார் 1907இல் சிக்கிம் இமயமலைப் பாசிகளில் வாழும் இனங்களைப் பற்றி எழுதினார். தென்னிந்திய நன்னீர்ப் புரோட்டோசோவாக்கள் பற்றி 1960களில் கே. வி. நாயுடு எழுதிய கட்டுரைகளில் இவையும் இடம்பெற்றன. கங்கை–யமுனைச் சமவெளியின் சதாதால் ஏரியில், பருவத்துக்குப் பருவம் இவற்றின் கூட்டம் எவ்வாறு மாறுகிறது என்பதை லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சும் ஃபரூக்கியும் அவருடன் உழைத்தோரும் 2012இல் வெளியிட்டனர்.

ஓடு ஏன் வேண்டும்?

எதிரியிடமிருந்து காத்துக்கொள்ள என்று உடனே சொல்லிவிடலாம். அது பாதி விடை. இவையே வேட்டையாடுபவையும்கூட. பாக்டீரியா, பாசி, பூஞ்சை இழை என்று கிடைத்ததை உண்ணும். கிரிப்டோடிப்ளூஜியா என்னும் மிகச் சிறிய மண்வாழ் இனம், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நூற்புழுவைப் பலவாகச் சேர்ந்து பிடித்துத் தின்கிறது என்று 2015இல் அறிவித்தார்கள். ஓநாய்க் கூட்டம் மானை மடக்குவது போல் ஒற்றைச் செல்கள் கூட்டு வேட்டை ஆடுகின்றன!

ஓட்டின் மறுபாதிப் பயன் வறட்சியில் தெரியும். நீர் வற்றும்போது உள்ளிருக்கும் உயிர் கால்களை இழுத்துக்கொண்டு, வாசலை அடைத்து, உருண்டு திரண்டு, தடித்த உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடும். நீர் வந்தால் விழிக்கும். அப்பாருவின் கேள்விக்கு முதல் விடை இதுதான். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த குட்டைச் சேறு வெறும் மண்ணன்று. அதற்குள் கதவடைத்துக்கொண்டு உறங்குபவர்கள் பலர்.

இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. உள்ளே இருந்தவன் இறந்தாலும் ஓடு அழிவதில்லை. அமீபா இறந்தால் சுவடு இல்லை. ஓடுடை அமீபா இறந்தால், எந்த நீரில் எந்த இனம் வாழ்ந்தது என்ற சான்று சேற்றில் படிந்துவிடுகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பாறைகளில் 73 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட குடுவை வடிவ நுண்ணோடுகள் கிடைத்துள்ளன. சூசன்னா போர்ட்டரும் ஆண்ட்ரூ நோலும் அவற்றை ஓடுடை அமீபாக்களோடு ஒப்பிட்டு 2000இல் எழுதினர். மீன் இல்லை, புழு இல்லை, நிலத்தில் ஒரு புல் இல்லை. அக்காலத்தில் இந்தக் குடுவைகள் இருந்தன. சில ஓடுகளில் யாரோ கடித்துத் துளைத்த அரைவட்டத் தழும்புகள்கூட உண்டு.

ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஓர் ஈரத்தையும் நீரின் தன்மையையும் விரும்புவதால், ஐரோப்பாவின் கரிச்சேற்று நிலங்களில் அடுக்கடுக்காக மண்ணெடுத்து, எந்த அடுக்கில் எந்த ஓடு என்று எண்ணி, பல நூறு ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் எவ்வளவு இருந்தது என்று கணிக்கிறார்கள். நீலகிரியின் சாண்டிநல்லா போன்ற கரிச்சேற்று நிலங்கள் அத்தகைய பதிவேடுகளே. அங்குள்ள சேற்றின் கார்பனைக் கொண்டு இருபதாயிரம் ஆண்டுத் தட்பவெப்ப மாற்றத்தை ஆர். சுகுமாரும் பிறரும் 1993இல் எடுத்துக்காட்டினர்.

நொய்யலின் சேறு

இனி, தொடக்கத்தில் சொன்ன சொந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

சேவூருக்குத் தெற்கே அவிநாசி, அதற்கப்பால் திருப்பூர், அதன் ஊடே நொய்யல். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாரேனும் ஒருவர் பனியன் கம்பெனியிலோ சாயப்பட்டறையிலோ வேலை பார்த்தவர்தாம். பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பும் மிஞ்சிய சாயமும் பல்லாண்டுகள் நொய்யலில் கலந்தன. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாகி, கீழே இருந்த வயல்களுக்கு ஆகாத நீரைத் தேக்கி நின்றது. வழக்குகள் நடந்தன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆண்டு பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதையும் நாம் மறந்துவிடவில்லை. விவசாயி பக்கமும் நியாயம் இருந்தது. வேலை இழந்தவன் வயிறும் பொய் சொல்லவில்லை.

இந்தப் பெரிய கதையில் கண்ணுக்குத் தெரியாத அமீபாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை உண்டு.

ஒன்று, சுத்திகரிப்பு நிலையத்தில். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியாக்களைக் கொண்டு தின்னவைக்கும் தொட்டியில், முதலில் சாட்டையிழை உயிர்களும் ஓடில்லாத அமீபாக்களும் பெருகும். பிறகு குற்றிழை உயிர்கள் வரும். தொட்டி நன்றாக முதிர்ந்து, காற்றோட்டம் போதுமானதாகி, அம்மோனியா சரியாக மாற்றப்படும் நிலையில் ஆர்செல்லா, யூக்லிபா போன்றவை நிலைத்துக் குடியேறும். அதனால் ஒரு சொட்டுச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்தே தொட்டியின் உடல்நலத்தைச் சொல்கிறார்கள், வைத்தியர் நாடி பிடிப்பது போல.

மற்றொன்று, சேற்றுப் பதிவேடு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், கோபால்ட் என்னும் ஊரைச் சுற்றிய வெள்ளிச் சுரங்கப் பகுதி ஏரிகளில் ஆர்செனிக்கும் பாதரசமும் கலந்திருந்தன. 1996இல் டிம் பாட்டர்சனும் உடனிருந்தோரும் அந்த ஏரிச் சேற்றின் ஓடுகளை ஆராய்ந்து, நஞ்சு மிகுந்த இடத்தில் பல இனங்கள் மறைந்து, சென்ட்ரோபிக்சிஸ் போன்ற ஒரு சில முரட்டு இனங்களே ஓங்கி நிற்கும் என்று காட்டினர். சென்ட்ரோபிக்சிஸ் சற்று உப்பான நீரையும் தாங்கும். வாசல் ஒருபுறமாக ஒதுங்கி, பின்புறம் முட்கள் நீட்டிய சப்பையான ஓடு அது. ஒருமுறை பார்த்தால் பிறகு தவறாது. உப்பு ஏறிய காலத்துச் சேற்றில் எந்த ஓடு, ஏறாத காலத்துச் சேற்றில் எந்த ஓடு என்று எண்ணுவதற்கு நொய்யல் படுகையைவிடப் பொருத்தமான இடத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

இதில் சில தடைகள் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். யூக்லிபாவின் செதில்களை ஒட்டியிருக்கும் பசை எளிதில் மக்கி, ஓடு உதிர்ந்துவிடும். ஆகவே பழைய அடுக்கில் அது இல்லையென்றால், அது அங்கே வாழவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மேலும் நம் பக்கத்துக் குட்டைகளில் வண்டல் மண்ணைக் கோடையில் தோட்டத்துக்கு அள்ளிச் செல்வது வழக்கம். நிலத்துக்கு அது நல்ல எரு. ஆனால் ஆராய்ச்சிக்காரனுக்கு, நாட்குறிப்பில் நடுப்பக்கங்களைக் கிழித்துவிட்டது போல. அள்ளாத மூலையைத் தேடித்தான் மண் எடுக்க வேண்டும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. பல்லாண்டுக் கோரிக்கையான அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரைக் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து குழாய் வழியே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1045 ஏரி, குளம், குட்டைகளுக்குத் தருவது அத்திட்டம். மழையை மட்டுமே நம்பிய குட்டைகளில் ஆற்று நீர் சேர்கிறது. ஆற்றோடு ஆற்று இனங்களும் வரும். உறங்கிக் கிடந்த பழைய குடிகளும் விழிக்கும். இந்த நேரத்துச் சேற்றை இப்போதே எடுத்து, ஆண்டும் இடமும் எழுதி, உலர்த்தி வைத்தால், பத்தாண்டு கழித்து நம் இளையவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். அடுத்த ஆண்டு எடுக்கலாம் என்றால் அது வேறு சேறு ஆகிவிடும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரையோரத்து மேற்சேற்றை ஒரு கரண்டி அளவு வழித்து, அதே குட்டை நீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டுக் கனமான மணல் அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். துணியில் தங்கும் குப்பையைத் தள்ளிவிட்டு, கீழே இறங்கிய நீரை வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்ட வேட்டித் துணி நல்லது. ஊர்ப் பெருமைக்காகப் பனியன் துணியைப் பிடித்தேன், பின்னல் துணி ஆகையால் இழுத்தவுடன் கண் விரிந்து குப்பை எல்லாம் கூடவே இறங்கிவிட்டது. வடிந்த நீர் தெளிந்தபின் அடியில் படிந்ததைச் சொட்டுக் குழாயால் எடுத்து, முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஓட்டைக் கண்டவுடன் தகட்டை நகர்த்தாமல் ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். வெற்று ஓடு என்று எண்ணியதிலிருந்து கால் நீளும். மழைக்காலத்தில் சேறு எடுக்கப் போக முடியாதவர்கள் மதில் சுவர்ப் பாசியைப் பிழிந்தாலும் போதும்.

நான் கொண்டுவந்த புட்டி ஆய்வகத்தின் வடக்குச் சன்னலோரத்தில், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. ஐப்பசி, சேவூர் என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதன் பக்கத்தில், அதே குட்டையின் மேட்டுப் பகுதியில் நீர் ஏறாமல் காய்ந்து கிடந்த மண்ணை இன்னொரு புட்டியில் இட்டு, கொதித்து ஆறிய நீர் ஊற்றி வைத்திருக்கிறேன். முதல் நான்கு நாட்கள் பாக்டீரியாவைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு சிறிய, வெளிறிய, இன்னும் பழுப்பேறாத வடை. விரும்புவோர் பிற்பகலில் வந்து பார்க்கலாம். மூடியை மட்டும் இறுக்கிவிட வேண்டாம், உள்ளே காற்றுப் போக வேண்டும்.